ஆப்ட் ரிமூவ் போட்ட பிறகும் ஈடிசியில் பழைய கோப்புகள் ஏன் கிடக்கின்றன, எவற்றை அழிக்கலாம்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீ கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்து டியூஷன் வகுப்புக்கு, தோட்டத்து ஆபீஸில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி லினக்ஸ் மின்ட் 21 போட்டு வைத்திருக்கிறாய். அதில் ஒரு மெஷினில் சம்பா (ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் நிரல்) போட்டு, எஸ்பிஎம் பரீட்சையின் பழைய கேள்வித்தாள் இருக்கும் ஃபோல்டரை மற்ற மெஷின்களுக்குத் திறந்துவிட்டாய். அதன் அமைப்புக் கோப்பான எஸ்எம்பி.கான்ஃப்பில் ஏதோ மாற்றப்போய் பகிர்வு நின்றுபோனது. நிரல்களை நிறுவி நீக்கும் ஆப்ட் கருவியில் ஆப்ட் ரிமூவ் சம்பா என்று நீக்கிவிட்டு மறுபடி போட்டாய், அதே கோளாறு அப்படியே திரும்பி வந்தது. நண்பர் ஒருவர் சொன்னார் என்று அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டருக்குள் இருந்த சம்பா ஃபோல்டரையே ஆர்எம் -ஆர்எஃப் போட்டு அழித்துவிட்டு மீண்டும் நிறுவினாய், இப்போது எஸ்எம்பி.கான்ஃப் என்ற கோப்பே வரமாட்டேன் என்கிறது. இது ஒரு கேள்வி. ஆப்டுக்கு அடியில் இருந்து பேக்கேஜ் கணக்கு வைக்கும் டிபிகேஜியின் பட்டியலில் ஆர்சி என்று வரிசையாக நிற்கும் பேக்கேஜ்களை எல்லாம் ஒரே கட்டளையில் துடைத்துவிடலாமா என்பது இன்னொன்று. அப்புறம், கோயில் ரசீது போட்டுக்கொண்டிருந்த பழைய மெஷினிலும் அதே கட்டளையை ஓட்டலாமா என்று கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறாய் பார், உண்மையில் அதுதான் பெரிய கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை அந்த மெஷினில் கை வைக்காதே.

கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், போனில் கீபோர்டை மாற்றி மாற்றித் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. டெர்மினலில் நீ ஆங்கிலத்தில் தட்டிக்கொள்.

முதலில் சம்பாவைச் சரி செய்வோம், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். யூஎஸ்ஆர், ஷேர், சம்பா என்று உள்ளே போனால் அங்கே எஸ்எம்பி.கான்ஃப் என்ற பெயரிலேயே ஒரு மாதிரிக் கோப்பு இருக்கும். அதை அப்படியே ஈடிசியில் சம்பா ஃபோல்டருக்குள் சூடோ போட்டு நகலெடு, ஃபோல்டர் இல்லாவிட்டால் முதலில் உண்டாக்கிக்கொள். பிறகு டெஸ்ட்பார்ம் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதை ஓட்டு. எஸ்எம்பி.கான்ஃப்பைப் படித்துப் பார்த்து, தெரியாத சொல்லோ தப்பான வரியோ இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சுத்தமாக வந்த பிறகு உன் பகிர்வுக்கான வரிகளைக் கடைசியில் சேர்த்து, மறுபடி டெஸ்ட்பார்ம் ஓட்டிவிட்டு, சிஸ்டம்சிடிஎல் வழியாக எஸ்எம்பிடி சேவையை மறுதொடக்கம் செய். அவ்வளவுதான். பகிர்வு நின்றுபோன அன்றைக்கே டெஸ்ட்பார்ம் ஓட்டியிருந்தால் எந்த வரியில் கோளாறு என்று தெரிந்திருக்கும், நீக்குவதற்கே அவசியம் வந்திருக்காது. லினக்ஸில் ஒரு சேவை சண்டித்தனம் செய்தால் மறுபடி நிறுவிப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை, விண்டோஸ் பழக்கம் அது.

இப்போது காரணத்துக்கு வருவோம். டெபியன் வழிவந்த எல்லாவற்றிலும், உபுண்டு, மின்ட் உள்பட, ஒரு பேக்கேஜை வெளியேற்ற இரண்டு படிகள் உண்டு. ரிமூவ் என்றால் நிரல் போகும், அமைப்புக் கோப்புகள் நிற்கும். பர்ஜ் என்றால் அவையும் சேர்ந்து போகும். இது கவனக்குறைவால் விட்டுப்போனதில்லை, டெபியன் பாலிசி கையேட்டின் 10.7 பகுதியில் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: பேக்கேஜை நீக்கும்போது அமைப்புக் கோப்புகளைப் பாதுகாக்க வேண்டும், பர்ஜ் செய்யும்போது மட்டுமே அழிக்க வேண்டும். தோட்டத்தில் வேலையை விட்டுப் போகிறவரிடம் நிர்வாகம் வீட்டையும் உளியையும் திரும்ப வாங்கிக்கொள்ளும், அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து கொட்டாது. அதே நியாயம்தான் இங்கேயும். நிரலை எத்தனை முறை வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். நீ உட்கார்ந்து திருத்திய பத்து வரி உன் டிஸ்க்கைத் தவிர வேறு எங்கேயும் கிடையாது.

டிபிகேஜி இதை எப்படிக் கணக்கு வைக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ஒரு பேக்கேஜ் உள்ளே வரும்போது அதன் அமைப்புக் கோப்புகள் எவை, வந்தபோது ஒவ்வொன்றின் எம்டி5 கையொப்பம் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) என்ன என்பதை வார், லிப், டிபிகேஜி ஃபோல்டரில் உள்ள ஸ்டேட்டஸ் கோப்பில் குறித்துக்கொள்கிறது. பின்னாளில் புதிய பதிப்பு வரும்போது, நீ அந்தக் கோப்பைத் தொடவே இல்லை என்றால் சத்தமில்லாமல் புதியதைப் போட்டுவிடும். நீயும் மாற்றியிருக்கிறாய், பேக்கேஜ் செய்தவர்களும் மாற்றியிருக்கிறார்கள் என்றால்தான் ஒய், ஐ, என், ஓ, டி, இசட் என்று எழுத்துகளைக் காட்டி உன்னிடம் கேட்கும். பாதிப் பேர் பயந்துபோய் எண்டரைத் தட்டிவிடுகிறார்கள். தட்டினால் உன்னுடையதே நிற்கும், ஆபத்தில்லை. ஆனால் ஒரு தடவையாவது டி அழுத்தி இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார். அந்த நேரத்தில்தான் டிபிகேஜி-டிஸ்ட், டிபிகேஜி-ஓல்ட் என்று வால் ஒட்டிய கோப்புகள் ஈடிசியில் சேர்கின்றன. நீ தேர்வு செய்யாத பதிப்பு அந்தப் பெயரில் ஓரமாகக் கிடக்கும், ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அதை அழித்துவிடலாம்.

இதே கணக்கில்தான் உன் நண்பரின் யோசனை மாட்டிக்கொண்டது. ஒரு அமைப்புக் கோப்பை நீ கையால் அழித்தால், டிபிகேஜி அதையும் நீ செய்த ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொள்கிறது. 'ஆள் வேண்டுமென்றே அழித்திருக்கிறார், நாம் ஏன் திரும்ப வைக்க வேண்டும்' என்று மறுபடி நிறுவும்போது அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிடும். அப்பாச்சி வெப் சர்வர் போட்டவர்கள் பலர் இதில் விழுந்திருக்கிறார்கள்: ரிமூவ், அப்புறம் ஈடிசியில் அப்பாச்சி2 ஃபோல்டரை அழிப்பது, அப்புறம் மறுபடி நிறுவுவது, அப்புறம் அப்பாச்சி2.கான்ஃப் காணோம் என்று தலையில் கை வைப்பது. திரும்ப வரவழைக்க இரண்டு வழி. ஒன்று, முறையாகப் பர்ஜ் செய்துவிட்டு நிறுவுவது. பர்ஜ் ஆனதும் பழைய கணக்கே போய்விடுவதால் டிபிகேஜி புதிதாக ஆரம்பிக்கும். இன்னொன்று, ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்து மறுநிறுவுவது. காணாமல்போனவற்றை மட்டும் திரும்ப வை என்று அதற்கு அர்த்தம்.

சம்பாவில் இன்னும் ஒரு சுற்று அதிகம். எஸ்எம்பி.கான்ஃப் சம்பா பேக்கேஜுக்குச் சொந்தமே இல்லை. சம்பா-காமன் என்று தனியாக ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அதன் நிறுவல் ஸ்கிரிப்ட்தான் இந்தக் கோப்பை உண்டாக்குகிறது. நீ ஆப்ட் ரிமூவ் சம்பா போட்டபோது சம்பா-காமன் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. ரிமூவுக்குப் பதிலாக நீ ஆப்ட் பர்ஜ் சம்பா என்று போட்டிருந்தாலும் எஸ்எம்பி.கான்ஃப் போயிருக்காது. அதோடு, இந்தக் கோப்பை நேரடியாக டிபிகேஜி கவனிப்பதில்லை, யுசிஎஃப் என்ற இன்னொரு கருவி கவனிக்கிறது. அதனால் டிபிகேஜி -எஸ் என்று பெரிய எஸ் போட்டு இந்தக் கோப்பு யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை என்று பதில் வரும். யுசிஎஃப்க்யூ என்று கேட்டால்தான் சம்பா-காமன் என்ற பெயர் வெளியே வரும். யுசிஎஃப்பும் அதே நியாயக்காரன்தான்: நீ அழித்ததை உன் அனுமதி இல்லாமல் திரும்ப வைக்காது. ஆக, உன் மெஷினில் யாரும் தப்பு செய்யவில்லை, சொன்ன பேச்சை ரொம்ப ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள்.

முழுக்கத் துடைத்துப் புதிதாகவே ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றினால் சம்பா, சம்பா-காமன் இரண்டையும் சேர்த்துப் பர்ஜ் செய். ஆனால் சம்பா-காமனை நம்பி நிற்கும் எஸ்எம்பிகிளையண்ட் மாதிரி சிலவும் கூடவே கிளம்பும். ஒய் அழுத்துவதற்கு முன் ஆப்ட் காட்டும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிடு. சம்பா பயனர்களின் கடவுச்சொல்லை எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையில் மறுபடி வைக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள். கேள்வித்தாள் ஃபோல்டர் உன் ஹோமுக்குள் இருக்கிறது என்றாயே, அதற்கு ஒன்றும் ஆகாது.

இனி ஆர்சி பட்டியல். டிபிகேஜி -எல் என்று சிறிய எல் போட்டால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்துகள் வரும். முதல் எழுத்து இந்தப் பேக்கேஜ் எப்படி இருக்க வேண்டும் என்று நீ சொன்னது, இரண்டாவது அது இப்போது உண்மையில் இருக்கும் நிலை. ஐஐ என்றால் நிறுவச் சொன்னாய், நிறுவியிருக்கிறது. ஆர்சி என்றால் ரிமூவ் சொன்னாய், கான்ஃபிக் கோப்புகள் மட்டும் மிச்சம். உன் மெஷினில் பார்த்தால் அந்த வரிசையில் பாதிக்கு மேல் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்கும் பழைய கெர்னல்களாகத்தான் இருக்கும். கெர்னலுக்கு ஈடிசியில் என்ன கோப்பு என்று கேட்பாய். அமைப்புக் கோப்பு ஒன்றுகூட இல்லாவிட்டாலும், பேக்கேஜில் போஸ்ட்ஆர்எம் என்ற நீக்கத்துக்குப் பிந்திய ஸ்கிரிப்ட் இருந்தாலே டிபிகேஜி அதை ஆர்சி நிலையில்தான் வைத்திருக்கும், பர்ஜ் செய்யும்போது அதை ஓட்ட வேண்டியிருக்கலாம் என்பதால்.

இவை எவ்வளவு இடம் பிடிக்கும்? பெரும்பாலும் சில கேபிதான். அந்தக் கேள்வித்தாள் ஃபோல்டரில் ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப் இவை அத்தனையையும் விடப் பெரியது. மெஷின் வேகமாகும் என்று நினைத்து இதைச் செய்கிறாய் என்றால் வேண்டாம், நூலளவும் வேகமாகாது. வீடியோ பார்த்து மாதா மாதம் இதை ஒரு சடங்காகச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அதே நேரத்தில், இவற்றை விட்டுவைப்பதால் எந்தத் தொல்லையும் வராது என்றும் சொல்லமாட்டேன். ஈடிசியில் கிரான்.டெய்லி என்ற ஃபோல்டரில் கிடக்கும் ஸ்கிரிப்டுகளும் அமைப்புக் கோப்புகள்தான், நிரல் போன பிறகும் அவை தினமும் ஓடும். டெபியனில் இதற்கும் விதி உண்டு: கிரான் ஸ்கிரிப்ட் முதலில் தன் நிரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் வெளியேற வேண்டும். அதிகாரபூர்வ பேக்கேஜ்கள் ஒழுங்காக இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் தரும் டெப் கோப்புகள் எல்லாம் அப்படி இல்லை. பிரிண்டர் டிரைவரோ விபிஎன்னோ எப்போதோ போட்டு நீக்கிய மெஷினில் தினமும் ஒரே நேரத்துக்கு லாகில் பிழை விழுகிறது என்றால் முதலில் அங்கே போய்ப் பார். இன்னொன்று பிபிஏ, அதாவது தனியாட்கள் உபுண்டுவுக்காக நடத்தும் பேக்கேஜ் களஞ்சியம். அதிலிருந்து நிறுவிய பேக்கேஜைப் பர்ஜ் செய்தாலும் பிபிஏவின் முகவரி ஆப்டின் சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டரில் நிற்கும், ஒவ்வொரு ஆப்ட் அப்டேட்டுக்கும் அங்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி கட்டளைக்கு ரிமூவ் விருப்பம் கொடுத்து அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

சரி, துடைக்கத்தான் வேண்டும் என்றால், பழைய கெர்னல்களையும் உனக்குப் பெயர் தெரிந்த, இனி எப்போதும் போடமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த பேக்கேஜ்களையும் ஒவ்வொன்றாகப் பர்ஜ் செய். ஏற்கெனவே ரிமூவ் ஆன பேக்கேஜுக்கும் ஆப்ட் பர்ஜ் வேலை செய்யும், மறுபடி நிறுவ வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்க்க, ஆப்ட் லிஸ்ட் என்று போட்டு மேற்கோள் குறிக்குள் அலைக்குறியும் சி எழுத்தும் கொடு, ஆப்ட் 2.0 முதல், அதாவது 2020 முதல், இந்தச் சுருக்கம் இருக்கிறது. லிஸ்ட் என்பதற்குப் பதில் பர்ஜ் என்று போட்டால் அத்தனையும் போய்விடும், உன் நண்பர் அனுப்பியது அந்த வரிதான். டெர்மினல் பிடிக்காத ஆசிரியர்களுக்கு மின்ட்டில் சினாப்டிக் இருக்கிறது. இடது பக்கம் ஸ்டேட்டஸ் என்பதை அழுத்தினால் எச்ச அமைப்பு மட்டும் மிச்சமிருக்கும் பேக்கேஜ்கள் தனி வகையாக வரும், அதில் முழு நீக்கம் என்று குறிக்கலாம்.

பர்ஜ் என்றால் அமைப்புக் கோப்புகள் மட்டும்தான் போகும் என்று நினைத்துவிடாதே. உண்மையில் என்ன போகும் என்பதை அந்தப் போஸ்ட்ஆர்எம் ஸ்கிரிப்ட்தான் தீர்மானிக்கிறது, அதை எழுதியவர் லாக், கேஷ், சில நேரம் தரவுத்தளம் வரைக்கும் கை நீட்டியிருக்கலாம். நல்ல விஷயம் என்னவென்றால், அதை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிடலாம். வார், லிப், டிபிகேஜி, இன்ஃபோ என்ற ஃபோல்டரில் பேக்கேஜ் பெயரோடு போஸ்ட்ஆர்எம் என்று முடியும் கோப்பு இருக்கும். ரிமூவ் செய்த பிறகும் அது அங்கேயே இருக்கும், பர்ஜுக்குத் தேவை அல்லவா. பெரும்பாலும் அது சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட்தான், லெஸ்ஸில் திற, பர்ஜ் என்ற சொல்லைத் தேடு, அதற்குக் கீழே ஆர்எம் என்று தொடங்கும் வரிகளில் எந்த ஃபோல்டர் பெயர் இருக்கிறது என்று பார். ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர்களுக்கும் இந்த அளவுக்குப் புரிந்துவிடும். வார், லிப் என்று ஆரம்பிக்கும் பாதை கண்ணில் பட்டால் கையை எடு, அங்கேதான் தரவு இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: டாக்கர் எஞ்சினைப் பர்ஜ் செய்தாலும் வார், லிப், டாக்கரில் உள்ள இமேஜ்களும் வால்யூம்களும் அப்படியே நிற்கும், கையால்தான் அழிக்க வேண்டும் என்று அவர்களின் கையேடே சொல்கிறது. எனவே பொதுவாக இப்படித்தான் என்று எதையும் எடுத்துக்கொள்ள முடியாது, பேக்கேஜுக்குப் பேக்கேஜ் வேறுபடும்.

வகுப்பில் நீ உண்மையில் தினமும் சந்திக்கப்போவது ஈடிசி பிரச்சினையே இல்லை, ஹோம் ஃபோல்டர் பிரச்சினை. பிள்ளைகள் லிப்ரேஆபீஸில் டூல்பாரை எங்கேயோ இழுத்துப்போட்டுவிடுவார்கள், மெனு காணாமல் போகும், டீச்சர் உன்னைக் கூப்பிடுவார், நீ லிப்ரேஆபீஸையே பர்ஜ் செய்து மறுபடி போடுவாய், திறந்தால் அதே கோலம். ஏனென்றால் அந்த அமைப்பு இருப்பது பயனரின் ஹோமில், டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள், லிப்ரேஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். பேக்கேஜ் மேலாளர் ஹோம் பக்கம் தலை வைத்தும் படுக்காது, ரிமூவ் ஆனாலும் சரி, பர்ஜ் ஆனாலும் சரி. ஒரு மெஷினில் பல பேர் கணக்கு வைத்திருக்கலாம், அவரவர் ஹோம் அவரவர் சொத்து. அதனால் நிரலைத் தொடவே வேண்டாம். லிப்ரேஆபீஸை மூடிவிட்டு, அந்த யூசர் ஃபோல்டரின் பெயரை யூசர்-பழையது என்று மாற்று, மறுபடி திற, புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். அழிக்காதே, பெயரை மட்டும் மாற்று. சொந்த அகராதியில் யாராவது சேர்த்து வைத்த தமிழ்ச் சொற்களும் டெம்பிளேட்டுகளும் அதற்குள்தான் இருக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். உதவி மெனுவில் பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் என்று ஒன்றும் உண்டு, அதுவும் இதே வேலையைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்யும்.

ஃபயர்ஃபாக்ஸுக்கும் இதே கதைதான், ஆனால் அதன் ப்ரொஃபைலில் புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொற்களும் இருப்பதால் அழிப்பதற்கு முன் இரண்டு தரம் யோசி. உன் மின்ட்டில் ஃபயர்ஃபாக்ஸ் சாதாரண டெப் பேக்கேஜாக வருகிறது. உபுண்டு 22.04இலிருந்து அங்கே அது ஸ்னாப் என்ற வேறொரு பேக்கேஜ் வடிவம், ஆகவே ப்ரொஃபைல் ஹோமில் ஸ்னாப் என்ற ஃபோல்டருக்குள் போய்விடும். ஸ்னாப் ரிமூவ் போட்டால் அந்தப் பயன்பாட்டின் தரவை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து 31 நாள் வைத்திருக்கும், வேண்டாம் என்றால் பர்ஜ் விருப்பம் சேர்க்க வேண்டும். சின்ன எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் 'எல்லாம் நீக்கிவிட்டேன், இடம் மட்டும் வரவில்லை' என்று புலம்புகிறவர்கள் ஸ்னாப் சேவ்டு என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். ஸ்னாப் மாதிரியே இன்னொரு வடிவமான ஃப்ளாட்பேக்கில் ஹோமுக்குள் டாட் வார், ஆப் என்ற இடத்தில் தரவு கிடக்கும், நீக்கும்போது டெலீட்-டேட்டா என்று சேர்த்தால் கூடவே போகும்.

ஈப்போவில் உன் கூட்டாளி ஃபெடோரா வைத்திருக்கிறார் என்றாயே, அங்கே பர்ஜ் என்ற படியே கிடையாது. அதன் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம், நீக்கும்போது நீ தொடாத அமைப்புக் கோப்புகளை அழித்துவிடும், நீ மாற்றியவற்றை ஆர்பிஎம்சேவ் என்ற வால் போட்டு விட்டுவைக்கும். ஆர்ச் லினக்ஸின் பேக்மேனும் கிட்டத்தட்ட அப்படித்தான், வால் மட்டும் பேக்சேவ், -ஆர்என் கொடுத்தால் அதையும் வைக்காது. அதனால் அவர் சொல்லும் கட்டளையை நீ மின்ட்டில் ஓட்டாதே, நீ சொல்வதை அவரும் அங்கே தேட வேண்டாம்.

ஈடிசிகீப்பர் என்று ஒரு சின்னப் பேக்கேஜ் இருக்கிறது, உன் மெஷின்கள் எல்லாவற்றிலும் போட்டுவிடு. ஈடிசி முழுவதையும் கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியமாக மாற்றி, ஒவ்வொரு ஆப்ட் வேலைக்கும் முன்னும் பின்னும் தானாகவே பதிவு செய்துகொள்ளும். எஸ்எம்பி.கான்ஃப்பை யார் எப்போது கெடுத்தாலும் பழைய நிலையைத் திரும்ப எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, ஈடிசிக்குள் கடவுச்சொல் கோப்புகளும் இருக்கின்றன, அந்தக் களஞ்சியத்தை வெளியே எங்கேயும் ஏற்றாதே, பெண்டிரைவில் போட்டு மண்டபத்து மேசையில் வைத்துவிட்டும் போகாதே.

இப்போது கோயில் ரசீது மெஷின். அர்ச்சனைச் சீட்டும் நன்கொடை ரசீதும் போட்ட பழைய நிரல் மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது, புது முறைக்கு மாறியதும் யாரோ மரியாடிபி சர்வரை ரிமூவ் செய்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ ஒட்டிய பட்டியலில் கெர்னல் வரிகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது, கவனித்தாயா தெரியவில்லை: ஆர்சி, மரியாடிபி-சர்வர்-10.6. அதன் அர்த்தம், வார், லிப், மைஎஸ்கியூஎல் ஃபோல்டரில் அத்தனை வருடத்து ரசீதும் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். ரிமூவ் அதைத் தொடாது. பர்ஜ் தொடலாம்: மரியாடிபியின் போஸ்ட்ஆர்எம் ஸ்கிரிப்ட், தரவுத்தளங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று நீலத்திரையில் ஒரு கேள்வி கேட்கும். பழைய கெர்னல்களைத் துடைக்கிறோம் என்ற நினைப்பில் ஒய், ஒய் என்று தட்டிக்கொண்டே வருகிறவர் அதற்கும் ஒய் தட்டிவிடுவார். கேள்வியே கேட்காதே என்று அமைத்த ஸ்கிரிப்டை யாராவது ஓட்டினால் அந்த நீலத்திரைகூட வராது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆகவே அங்கே செய்ய வேண்டியது துடைப்பு இல்லை. மெஷினை அணைத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியோ லைவ் பெண்டிரைவில் ஏற்றியோ வார், லிப், மைஎஸ்கியூஎல் ஃபோல்டரை முதலில் அப்படியே நகலெடுத்து வை, உரிமைகள் மாறாமல் இருக்க சிபி -ஏ போடு. அப்புறம் அதே மெஷினில் மரியாடிபி சர்வரை, முன்பிருந்த அதே பதிப்பை, மறுபடி நிறுவு. ரிமூவ்தான் ஆகியிருக்கிறது என்பதால் பழைய அமைப்பும் தரவும் சேர்ந்து எழுந்துவிடும். இதற்குப் பதில் மைஎஸ்கியூஎல் 8ஐப் போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதே, இரண்டின் தரவுக் கோப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சர்வர் எழுந்ததும் மரியாடிபி-டம்ப் போட்டு எல்லாத் தரவுத்தளங்களையும் ஒரே எஸ்கியூஎல் கோப்பாக எடு. கோப்பு உண்டானதை வைத்துத் திருப்திப்பட்டுவிடாதே, அதை இன்னொரு மெஷினில் ஏற்றி, பொருளாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் காகித ரசீது இருக்கும் ஏதாவது ஒரு திருவிழா மாதத்தின் வரவைத் திறந்து ஒத்துப் பார். தொகை ஒத்துப்போனால் எனக்கு ஒரு வரி எழுது, அந்த மெஷினைப் பர்ஜ் செய்வதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.